கொகேஷி செய்கிறவர்கள் ஓவியர்களா, கடைசல்காரர்களா?

கடைசல்பட்டறை எழுதியது:

ஜப்பான் பொம்மைகள் பற்றி இங்கே ஏற்கெனவே ஓர் இழை ஓடுகிறது, ஆனால் அதில் முழுக்கப் பட்டுடுத்திய பொம்மைகள்தான். மரப் பொம்மைக்காரர்களுக்குத் தனி இழை வேண்டும் என்று தோன்றியது, அதனால் இது. நான் சொல்வது கொகேஷி. கையும் கிடையாது, காலும் கிடையாது, உருளையாக ஓர் உடம்பு, அதன்மேல் உருண்டையாக ஒரு தலை, நாலைந்து தூரிகைக் கோட்டில் முகம். பார்த்திருப்பீர்கள்.

இதைப் பற்றி எழுதுகிற எல்லாரும் முகத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்தச் சிரிப்பு, அந்த அமைதி, அந்த ஏக்கம் என்று பக்கம் பக்கமாக. எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கிறது. எங்கள் வீட்டில் கட்டில் காலும் ஊஞ்சல் கம்பும் கடைகிற பட்டறை இருந்தது, அதனால் என் கண் முதலில் போவது கழுத்துக்கும் தோளுக்கும்தான். அந்த வளைவை உளி ஒரே ஓட்டத்தில் எடுத்திருக்கிறதா, இல்லை தயங்கித் தயங்கி எடுத்துவிட்டு உப்புத்தாளில் சமாளித்திருக்கிறார்களா என்பது முகத்தைவிட அதிகம் சொல்லிவிடும். இந்தப் பொம்மையைச் செய்கிறவரை அங்கே கோஜின் என்கிறார்கள். அவர் அடிப்படையில் கடைசல்காரர். மரம் தேர்ந்தெடுத்து, காயவைத்து, அறுத்து, கடைந்து, மெருகேற்றி எல்லாம் முடிந்த பிறகுதான் தூரிகையை எடுக்கிறார். நாம் கடைசி ஐந்து நிமிட வேலையை மட்டும் பார்த்துவிட்டு ஓவியர் என்கிறோம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

செண்டாய்வாசி எழுதியது:

கடைசல் அண்ணா சொல்வது வரலாற்றின்படியும் சரிதான். நான் இருக்கும் மியாகி மாநிலம்தான் இதற்குத் தாய்வீடு மாதிரி, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவர்களின் முன்னோர் கிஜிஷி என்று அழைக்கப்பட்ட மலைக் கடைசல்காரர்கள். கிண்ணம், தட்டு, மூடி இவைதான் அவர்கள் தொழில். ஓர் இடத்தில் நல்ல மரம் தீர்ந்தால் குடும்பத்தோடு அடுத்த மலைக்குப் போய்விடுவார்கள். 9ஆம் நூற்றாண்டில் மொன்தொகு பேரரசரின் மகன் கொரேதகா, அரியணை கிடைக்காமல் ஓமி நாட்டின் ஒகுரா பள்ளத்தாக்கில் (இன்றைய ஷிகா மாநிலம்) ஒதுங்கியிருந்தபோது கயிறு இழுத்துச் சுழற்றும் கடைசல் பொறியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்பது அவர்கள் குலக்கதை. உண்மையோ பொய்யோ, அந்தக் கதையை வைத்து வாங்கிய சான்றோலைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் எந்த மலையிலும் மேல்பகுதியில் மரம் வெட்ட எங்களுக்கு உரிமை உண்டு என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதாடினார்கள். ஒகுரா என்ற குடும்பப் பெயர் இன்றும் கடைசல்காரர்களிடையே இருப்பது அதனால்தான்.

வடகிழக்கில், அதாவது தோஹோகு பகுதியில், இவர்கள் வெந்நீர் ஊற்று ஊர்களை ஒட்டிக் குடியேறினார்கள். விவசாயிகள் அறுவடை முடிந்ததும் அரிசி பருப்போடு வந்து வாரக்கணக்கில் தங்கி, தாங்களே சமைத்துக்கொண்டு, வெந்நீரில் குளித்து உடம்பைத் தேற்றிக்கொண்டு போகிற ஊர்கள் அவை. திரும்பும்போது பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிப் போக வேண்டுமே. பம்பரம், கிலுகிலுப்பை, பொம்மை. 1804 முதல் 1830 வரையிலான காலத்தில் இப்படித்தான் கொகேஷி பிறந்தது என்கிறார்கள். சிவப்புச் சாயம் அதிகமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சிவப்பு அம்மை நோயை அண்டவிடாது என்ற நம்பிக்கை அப்போது ஜப்பான் முழுக்க இருந்தது.

யாஜிரோ என்கிற ஊரில் ஆண்கள் கடைவார்கள், பெண்கள் பொம்மைகளைச் சுமந்துகொண்டு பக்கத்துக் கமாசாகி வெந்நீர் விடுதிகளில் விற்றுவிட்டு வருவார்கள். கலைஞர், கலைக்கூடம் என்கிற பேச்செல்லாம் பின்னால் வந்தது. அன்றைக்கு அது வயிற்றுப்பாடு.

குருவிக்கூடு எழுதியது:

அது சரி, பஞ்ச காலத்தில் கொன்றுவிட்ட குழந்தைகளின் நினைவாகச் செய்ததுதான் கொகேஷி என்று ஒரு காணொளியில் பார்த்தேனே? அதைக் கேட்ட பிறகு வீட்டில் வைக்கவே பயமாக இருக்கிறது.

செண்டாய்வாசி எழுதியது:

ஆதாரமில்லாத கதை. பெயரை இரண்டாகப் பிரித்து, கோ என்றால் குழந்தை, கெஷி என்றால் அழித்தல் என்று பொருள் சொல்லி உண்டாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அது பரவியது. எடோ காலத்து (1603 முதல் 1868 வரை) ஆவணம் எதிலும் அப்படிக் கிடையாது. அதோடு அந்தப் பெயரே அன்றைக்கு எல்லா ஊரிலும் இல்லை. ஓர் ஊரில் தெகோ, இன்னோர் ஊரில் கிபொக்கோ, வேறோர் ஊரில் வெறுமனே நிங்யோ, அதாவது பொம்மை. 1940ல் நருகோவில் சேகரிப்பாளர்களும் கோஜின்களும் கூடிப் பேசித்தான் எல்லாவற்றுக்கும் கொகேஷி என்று ஒரே பெயர் வைத்தார்கள். பயப்படாமல் வையுங்கள்.

மீனலோசனி எழுதியது:

அந்தக் காணொளிக்காரர்கள் நருகோ ஊருக்கு ஒரு தடவை போய்விட்டு வந்து பேசட்டும். தொலைபேசிக் கூண்டிலிருந்து பாலத்துக் கைப்பிடி வரை கொகேஷி முகம்தான். செப்டம்பர் முதல் வார இறுதியில் நடக்கிற திருவிழாவில் ஆளுயரக் காகிதக்கூழ் கொகேஷிக்குள் மனிதர்கள் புகுந்துகொண்டு தெருவில் ஊர்வலம் போவார்கள். துக்கத்தின் அடையாளத்தை வைத்துக்கொண்டு யாராவது இப்படி ஆடுவார்களா?

கடைசல்பட்டறை எழுதியது:

செண்டாய் தம்பிக்கு நன்றி. தொழிலுக்குள் வருகிறேன், இது நீளும்.

முதலில் மரம். மிசுகி என்கிற மரம்தான் பெரும்பாலும். வெள்ளையாக, ரேகை அதிகம் தெரியாமல், சாயம் பூசினால் பளிச்சென்று நிற்கும். பனிக்காலத்தில் நீரோட்டம் அடங்கிய பிறகுதான் வெட்டுவார்கள். வசந்தத்தில் வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீராகக் கொட்டுகிற சாதி அது. வெட்டியதும் பட்டையை உரித்து, வெளியில் சார்த்தி, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை காற்றில் காயவிடுவார்கள். மேப்பிள் வகையும் உண்டு, அது கெட்டி. செர்ரி மரம் கறுப்பு கலந்த நிறத்தில் வரும், அதில் சிலர் சாயம் குறைத்து வேலை செய்வார்கள்.

அப்புறம் கடைசல் பொறி, ரொகுரொ. நம் ஊர் லேத்தில் இரண்டு முனையும் பிடித்திருக்கும், நடுவில் கடைவோம். அவர்கள் மரத்துண்டை ஒரு முனையில் மட்டும், கதிரின் நுனியிலுள்ள முள்ளில் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறார்கள். அடுத்த முனை அந்தரத்தில் சுழல்கிறது. உளியைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கொடுத்தால் துண்டு பறந்துவிடும். முன்பெல்லாம் இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் கதிரில் சுற்றிய கயிற்றை மாறி மாறி இழுக்க, கதிர் முன்னும் பின்னுமாகச் சுழலும், கடைகிறவர் ஒரு பக்கச் சுழற்சியில் மட்டும் வெட்ட வேண்டும். இழுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். 1880களில் காலால் மிதிக்கும் பொறி வந்தது, ஒற்றை ஆளே எல்லாம் பார்க்க முடிந்தது. இப்போது மோட்டார்.

கருவிகள் விஷயத்தில்தான் நான் அசந்து போகிறேன். கன்னா என்கிற நீளக் காம்புள்ள வளைந்த உளிகளை கோஜினே உலையில் காய்ச்சி, அடித்து, தன் கைக்கும் தன் வளைவுக்கும் ஏற்ற மாதிரி செய்துகொள்கிறார். கடையில் வாங்குகிற சமாசாரம் இல்லை. அதனால்தான் ஒரே ஊரில் ஒரே வடிவத்தைச் செய்கிற இரண்டு பேருடைய தோள் வளைவு ஒன்றாக இருக்காது. மெருகுக்கு முன்பெல்லாம் குதிரைவால் செடியின் காய்ந்த தண்டு, இப்போது உப்புத்தாளும் சேர்ந்துவிட்டது. உடம்பில் பார்க்கிற வளையக் கோடுகள் கையால் சுற்றி வரைந்தவை அல்ல. சுழலுகிற மரத்தின்மேல் தூரிகை நுனியை வைத்துவிட்டு அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த அசையாமை வர எத்தனை வருடம் ஆகுமோ. சாயம் கூடினால் சிதறும், குறைந்தால் கோடு பாதியில் வறண்டுவிடும்.

நருகோ பொம்மையின் தலையைத் திருப்பினால் கீச்சென்று குழந்தை மாதிரிக் கத்தும் இல்லையா, அது முழுக்கக் கடைசல் வித்தை. உடம்பில் ஒரு குழி, தலையின் அடியில் அந்தக் குழியின் வாயைவிடத் துளி பெரிதான முளை. உடம்பைச் சுழலவிட்டுத் தலையை மேலே அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் முளை உள்ளே இறங்கும். அப்புறம் அது சுழலும், கழன்று வராது. பசை கிடையாது, ஆணி கிடையாது. ஓவியர் யாராவது இதைச் செய்யட்டும் பார்க்கலாம்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

நல்ல தகவல்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. தாத்தா செய்த அதே வடிவம், அதே பூ, அதே முகம், இதைப் பேரனும் செய்கிறார். இதில் கலை எங்கே இருக்கிறது? நகல்தானே. கடைசல் திறமை இருக்கலாம், ஆனால் திறமை வேறு, படைப்பு வேறு. ஒரு பொறியில் அளவுகளைக் கொடுத்துவிட்டால் அதுவும் இதே வளைவை எடுத்துக் கொடுக்குமே.

கடைசல்பட்டறை எழுதியது:

பொறி எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு மரமும் வேறு என்பது பொறிக்குத் தெரியாது. கோஜினுக்குத் தெரியும்.

மீனலோசனி எழுதியது:

வெட்டிப்பேச்சு சார், நான் சில வருடங்களாகச் சேகரிக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நீங்கள் நகல் என்று சொல்வதை அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஊருக்கு ஊர் வம்சம், வம்சத்துக்கு வடிவம். பெரிய பிரிவுகளை 11 என்பார்கள் சிலர், 12 என்பார்கள் சிலர். ட்சுச்சியு (ஃபுகுஷிமா) பொம்மைக்கு ஒடிசலான உடம்பு, வளையக் கோடுகள், உச்சந்தலையில் பாம்புக் கண் மாதிரிக் கறுப்பு வட்டம். தோகாத்தாவுக்குப் பெரிய தலை, உச்சியிலிருந்து சிவப்புக் கதிர்கள் விரியும். யாஜிரோவுக்குத் தொப்பி போட்டது போலத் தலையில் பல நிற வளையங்கள். அகிதாவின் கிஜியாமாவில் ஒகுரா கியூதாரோ செய்தவை கோடு போட்ட கிமோனோவுக்கு மேல் இடுப்பின் முன்பக்கம் பூப்போட்ட துணி கட்டியிருக்கும். அவோமோரியில் ட்சுகாரு வகை தலையும் உடம்பும் ஒரே கட்டையில் கடைந்தது, வயிற்றில் மிரட்டுகிற தருமா (போதிதர்மர்) முகம் வரைந்திருப்பார்கள், அதை ஊரறியச் செய்தவர் மோரி ஹிதேதாரோ. நாகானோசாவா என்று ஒன்று இருக்கிறது, கண்ணைச் சுற்றிச் சிவப்புப் பூசி, உருட்டி விழித்துக்கொண்டு, பார்த்தவுடன் சிரிப்பு வரும்.

இந்த வடிவங்களை இஷ்டத்துக்கு எடுத்துச் செய்ய முடியாது. குருவின் வம்ச வடிவத்தைத்தான் சீடர் செய்யலாம், வேறு வம்சத்தின் வடிவத்தைச் செய்ய வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்திடம் அனுமதி கேட்க வேண்டும். எழுதப்பட்ட சட்டம் இல்லை, ஆனால் மீறினால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். முன்னோர் ஒருவருடைய 1930களின் பொம்மையைப் பார்த்து அப்படியே செய்வது ஒரு தனிப் பயிற்சி, அதற்குப் பெயரும் உண்டு, உத்சுஷி. சேகரிப்பாளர்கள் பழைய பொம்மையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்து, இதை ஒன்று செய்து கொடுங்கள் என்று கேட்பார்கள். கோஜினும் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் செய்வார். என் அலமாரியில் ஒரே வடிவத்தில் அப்பா செய்ததும் மகன் செய்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பார்க்கிற யாரும் எது யாருடையது என்று தடுமாறியதில்லை. அப்பா பொம்மை கொஞ்சம் குறும்பு, மகன் பொம்மை ரொம்ப நல்ல பிள்ளை. ஒரே ராகத்தை இரண்டு பேர் பாடினால் நகல் என்று சொல்வீர்களா?

இன்னொன்று. அடியில் கையெழுத்தோடு தன் வயதையும் எழுதுகிறவர்கள் உண்டு. வயதாக வயதாகக் கோடு நடுங்கும், அதையும் விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் உட்பட.

கடைசல்பட்டறை எழுதியது:

மீனா அக்கா, கோடு நடுங்கலாம், சரி. கடைசல் நடுங்கியதா என்று பார்த்தீர்களா? என் கணிப்பு, அது நடுங்கியிருக்காது. தூரிகை கையின் நுனியில் இருக்கிறது. உளியை மொத்த உடம்பும் சேர்ந்து பிடிக்கிறது.

மீனலோசனி எழுதியது:

பார்த்துவிட்டு வந்தேன். கடைசல் நடுங்கவில்லை. ஆனாலும் நான் வாங்கியது முகத்துக்காகத்தான், அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை :)

வெட்டிப்பேச்சு எழுதியது:

ராக ஒப்பீடு அழகு, ஆனால் பாடகர் ராகத்துக்குள் தன் கற்பனையை விடலாம். இங்கே பூவின் இதழை மாற்றவே அனுமதி வேண்டும் என்கிறீர்கள். குன்மா மாநிலத்தில் செய்கிற படைப்புக் கொகேஷிகள் இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லாமல் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதைச் செய்கிறார்கள். அங்கே உடம்பு உருளையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவர்களை ஏன் யாரும் இங்கே பேசுவதில்லை?

செண்டாய்வாசி எழுதியது:

நியாயமான கேள்விதான். போருக்குப் பிறகு வந்த வகை அது, சோசாகு என்பார்கள், குன்மாதான் அதற்கு மையம். நல்ல கடைசல்காரர்கள் அங்கேயும் உண்டு, தாழ்த்திச் சொல்ல மாட்டேன். வித்தியாசம் என்னவென்றால், ஒரு குன்மா பொம்மையைப் பார்த்தால் அதைச் செய்த ஆள் தெரிவார். ஒரு தோகாத்தா பொம்மையைப் பார்த்தால் ஆளும் தெரிவார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் தெரிவார், ஊரும் தெரியும். எது மேல் என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், காரணம் கேட்காதீர்கள். ஷிரோஇஷி நகரில் 1959 முதல் மே மாதத்தில் நடக்கிற அகில ஜப்பான் போட்டியில் மரபு வகைக்கும் புது வகைக்கும் தனித்தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள், சண்டை அங்கேயே தீர்ந்துவிட்டது. முதல் பரிசு பிரதமர் பெயரில்.

மரபு, மரபு என்று தலையில் தூக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை. 1980களின் கடைசியில் ஜப்பான் அரசு ஊர் வளர்ச்சிக்கென்று ஒவ்வொரு ஊராட்சிக்கும் 10 கோடி யென் கொடுத்தது. அவோமோரியின் குரோஇஷி நகரம் அந்தக் காசில் சுத்தத் தங்கத்தில் ஒரு கொகேஷி செய்து ட்சுகாரு கொகேஷி அருங்காட்சியகத்தில் வைத்தது. மரக் கடைசலைக் கொண்டாடத் தங்கம்! கடைசியில் 2007ல் விற்றுவிட்டார்கள்.

குருவிக்கூடு எழுதியது:

அந்தக் காசில் பத்துப் பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

நாலாம்தெரு எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சேகரிப்பாளர்கள்தான் இந்தக் கலையைக் காப்பாற்றினார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். தைஷோ காலத்தில், அதாவது 1912க்கும் 1926க்கும் நடுவில், செல்லுலாய்டு பொம்மையும் தகரப் பொம்மையும் வந்து குழந்தைகள் மரப் பொம்மையைக் கைவிட்டார்கள், கோஜின்கள் பலர் தொழிலை விட்டார்கள், அது உண்மை. 1928ல் செண்டாய்க்காரர் அமாஎ தொமியா இதற்கென்றே முதல் நூலைக் கொண்டுவந்த பிறகு பெரியவர்கள் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார்கள், நின்றுபோன பொறிகள் மறுபடி ஓடின, அதுவும் உண்மை.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அதுவரை குழந்தை வாயில் வைத்துச் சப்பி, தரையில் இழுத்து, முதுகில் கட்டிக்கொண்டு விளையாடி, மூக்கு தேய்ந்து தூக்கிப் போட்ட பொருள் அது. இவாதேயில் ஹனாமாகிப் பக்கம் கினாகினா என்று ஒன்று இன்றும் செய்கிறார்கள், சாயமே இல்லாத வெறும் மரம், தலை தளர்வாக ஆடும், பல் முளைக்கிற குழந்தை சப்புவதற்காகவே செய்தது. நம் வீடுகளில் மரப்பாச்சியைக் குழந்தை கையில் கொடுத்த அதே காரணம்தான். சேகரிப்பாளர் வந்த பிறகு பொம்மை அலமாரிக்குப் போனது. அடியில் கையெழுத்து வந்தது, முன்பு யாரும் போட்டதில்லை. இன்னார் செய்தது, இந்த ஆண்டில் செய்தது என்று விலை ஏறி இறங்க ஆரம்பித்தது. குழந்தைக்குப் பிடிக்கிற முகம் போய், பெரிய மனுஷருக்குப் பிடிக்கிற முகம் வந்தது.

நான் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு ஒன்றுமே இருக்காது. ஆனால் காப்பாற்றினார்கள் என்கிறபோது எதைக் காப்பாற்றினார்கள் என்றும் கேட்கலாம் இல்லையா?

மீனலோசனி எழுதியது:

நாலாம்தெரு எழுதியது கொஞ்சம் குத்தியது, பரவாயில்லை. ஆனால் நீங்களே ஒன்றை விட்டுவிட்டீர்கள். சேகரித்தவர்கள் எல்லாரும் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளவில்லை. குழந்தைகளுக்காக எழுதிய ஃபுகாசாவா கானாமே தோஹோகு முழுக்க அலைந்து சேர்த்ததெல்லாம் அவர் காலத்துக்குப் பிறகு நருகோ ஊருக்கே போய்ச் சேர்ந்தது. அதை வைத்துத்தான் 1975ல் அங்கே ஜப்பான் கொகேஷி அருங்காட்சியகம் திறந்தார்கள். தாத்தா செய்த பொம்மை வீட்டில் ஒன்றுகூட மிஞ்சாத கோஜின் குடும்பங்கள் உண்டு. இருந்ததையெல்லாம் விற்றுச் சாப்பிட்டவர்கள்தானே. பேரன் தாத்தாவின் கையைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். சேகரிப்பாளர் இல்லையென்றால் அதுவும் இல்லை.

கடைசல்பட்டறை எழுதியது:

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் காப்பாற்றியதில் கிண்ணத்துக்கும் பம்பரத்துக்கும் பங்கு உண்டு. கொகேஷி விற்காத வருடங்களில் கோஜின்கள் பட்டறையை மூடிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தட்டு கடைந்தார்கள், பம்பரம் கடைந்தார்கள், எஜிகோ என்று கூடைக்குள் உட்கார்ந்த குழந்தை பொம்மை, அதைத் திறந்தால் உள்ளே குட்டிப் பம்பரங்கள், அதையும் செய்தார்கள். கை பழக்கம் விடாமல் இருந்ததால்தான் மறுபடி ஆர்டர் வந்தபோது மறுபடி செய்ய முடிந்தது. தூரிகை மட்டும் தெரிந்த ஓர் ஆளுக்கு இந்த வழி கிடையாது. முதல் பதிவில் சொன்னதை இன்னும் விடவில்லை, கவனித்தீர்களா.

வெட்டிப்பேச்சு எழுதியது:

கவனித்தோம் கவனித்தோம்.

சரி, வருமானத்துக்கு வருவோம். இன்றைக்கு ஒரு இளைஞர் இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

செண்டாய்வாசி எழுதியது:

கஷ்டம். சாதாரண அளவுப் பொம்மை சில ஆயிரம் யென்தான். மரம் வாங்கி, ஒரு வருடம் காயவைத்து, வெடித்தது போக மிச்சத்தைக் கடைந்து, அதற்கப்புறம் கைக்கு வருகிற காசு அது. மின்சார மோட்டார் இருந்தாலும் ஒரு நாளில் இத்தனைதான் என்று ஓர் எல்லை இருக்கிறது. விவசாயம், விடுதி, கடை என்று கூடவே இன்னொன்று வைத்திருப்பவர்கள் அதிகம். 1981ல் மியாகி மரபுக் கொகேஷியை அரசு மரபுக் கைவினையாக அறிவித்தது (நருகோ, தோகாத்தா, யாஜிரோ, சகுனாமி, ஹிஜியோரி ஐந்தும் அதில் அடங்கும்). அறிவிப்பால் மரியாதை வரும், முத்திரை வரும், மாதச் சம்பளம் வராது.

2009ல் தொடங்கிய ஓர் அரசுத் திட்டம் இருக்கிறது. நகரத்து இளைஞர்கள் கிராமத்துக்கு வந்து அதிகபட்சம் மூன்று வருடம் தங்கி வேலை செய்யலாம், அதற்குச் சம்பளம் உண்டு. இதை வைத்துச் சில ஊர்களில் கொகேஷி பழக ஆள் எடுக்கிறார்கள். குடும்பத்துக்கு வெளியே இருந்து, அதிலும் பெண்கள், வருவது இப்போது சகஜம். 2010ஐ ஒட்டி இளம்பெண்களிடையே கொகேஷி மோகம் ஒன்று கிளம்பியது, வாங்க ஆரம்பித்தவர்களில் சிலர் செய்யவே வந்துவிட்டார்கள். எனக்கு இருக்கிற சந்தேகம் அந்த மூன்று வருடத்தில்தான். மூன்று வருடத்தில் கடைசல் பிடிபடுமா? அண்ணாதான் சொல்ல வேண்டும்.

கடைசல்பட்டறை எழுதியது:

கடையப் பிடிபடும். உளி அடிக்கவும் மரம் பார்க்கவும் பிடிபடாது. எங்கள் பட்டறையிலேயே கடைசல் பழகிய பையன்கள் சீக்கிரம் தேறினார்கள், ஆனால் எந்த மரம் ஆறு மாதம் கழித்து வெடிக்கும் என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல அப்பாவால் மட்டும்தான் முடிந்தது. மூன்று வருடம் முடிந்து சம்பளம் நின்ற பிறகும் அந்தப் பிள்ளை பட்டறையில் உட்கார்ந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நின்றவுடன் கிளம்பிவிட்டால் ஊர் பணம் வீண்.

நாலாம்தெரு எழுதியது:

கிளம்பினாலும் வீண் இல்லை என்பேன். கடைசல் தெரிந்த ஓர் ஆள் கூடுதலாகக் கிடைத்தார், உங்கள் வாதப்படியே அதுதானே முக்கியம்?

கடைசல்பட்டறை எழுதியது:

மடக்கிவிட்டீர்கள் போங்கள்.

பவளமல்லி எழுதியது:

இழைக்குள் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் மாமனாருக்கு அவருடன் வேலை பார்த்த ஜப்பானியர் ஒருவர் கொடுத்த கொகேஷி எங்கள் வீட்டில் பல வருடமாக இருக்கிறது. ஒரு சாண் உயரம் இருக்கும். இடுப்பு கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது, உடம்பில் சிவப்புச் செவ்வந்தி மாதிரிப் பூ, நெற்றிக்கு மேல் முடியைச் சிவப்பு நாடாவால் கட்டினது போல வரைந்திருக்கிறது. தலையைத் திருப்பினால் சத்தம் வருகிறது. அடியில் கறுப்பில் ஏதோ எழுத்து. எந்த ஊர் என்று சொல்ல முடியுமா? தூசி படிந்திருக்கிறது, ஈரத்துணியால் துடைக்கலாமா?

மீனலோசனி எழுதியது:

துடைக்காதீர்கள்!! ஈரத்துணி கிட்டேயே போகக்கூடாது. தண்ணீரில் கரைகிற சாயம், மேலே இருப்பது மெழுகு மட்டும்தான். ஒரு துடைப்பில் பூவெல்லாம் கலங்கிவிடும். காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள், போதும். ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்து உள்ளே வையுங்கள். வெயிலில் எல்லா நிறமும் வெளிறும், ஊதா முதலில் போய்விடும்.

நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் நருகோ.

செண்டாய்வாசி எழுதியது:

நருகோவேதான். செவ்வந்தி, நெற்றி முடிச்சு, கழுத்துச் சத்தம், மூன்றும் ஒத்துப்போகிறது. அடியில் இருப்பது செய்தவரின் பெயராக இருக்கும். பெயருக்குக் கீழே இன்னொரு சிறு வரி இருந்தால் வயதோ ஊரோ. படம் எடுத்துப் போடுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம், நேராக மேலிருந்து. கையெழுத்து வளைந்து நெளிந்து இருந்தால் என்னாலும் படிக்க முடியாமல் போகலாம், இங்கே கடையில் தெரிந்தவர்களிடம் காட்டிக் கேட்கிறேன்.

கடைசல்பட்டறை எழுதியது:

பவளமல்லி, தோளையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள்மா. முகம் வராவிட்டாலும் பரவாயில்லை.